வெளிப்பூனைத் தொல்லை: ஜன்னலுக்கு ஃபிலிமா, பிளக்கில் டிஃப்யூசரா?

மதில்மேல் ஒரு கடுவன் பூனை வந்து உட்கார்ந்தால் போதும், வீட்டுப்பூனையின் நாள் கெட்டுவிடும். ஜன்னலடியில் பதுங்கும், காதைப் பின்னால் மடக்கும், கதவுநிலையில் முதுகைக் காட்டி நின்று வாலை நடுக்கியபடி மூத்திரத்தைப் பீய்ச்சும். வெளியே நிற்பதை எட்ட முடியாத ஆத்திரத்தில், பக்கத்தில் போகிறவர் காலைக் கடிப்பதும் உண்டு. இதைத் தணிக்க பால்கனி வலை, பிளக்கில் செருகினால் பூனைக்கான வாசனை பரப்பும் ஃபெரோமோன் டிஃப்யூசர், கண்ணாடியில் ஒட்டும் ஜன்னல் ஃபிலிம் ஆகிய மூன்றில் என் ஓட்டு ஃபிலிமுக்குத்தான்.

வலை விழுவதைத் தடுக்கும், பார்வையைத் தடுக்காது. இரண்டு பூனைகளும் வலைக்கு இருபுறமும் மூக்கோடு மூக்கு நின்று உறுமும். புறாவுக்குக் கட்டும் நைலான் வலையைப் பல்லாலேயே அறுத்துவிடும். 'இன்விசிபிள் கிரில்' எனும் மெல்லிய எஃகுக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி அகலமாக இருந்தால் ஒல்லிப் பூனை நுழைந்து போய்விடும்.

டிஃப்யூசர் கொஞ்சம் மரியாதைக்குரியது. பூனை கன்னத்தை உரசி விட்டுச்செல்லும் வாசனையின் செயற்கை நகலைத்தான் ஃபெலிவே கிளாசிக் போன்றவை பரப்புகின்றன. ஒரு குப்பி சுமார் 30 நாள் வரும், 50 முதல் 70 சதுர மீட்டர் வரை எட்டும். மாதாமாதம் குப்பியை மாற்ற வேண்டும், 6 மாதத்துக்கொரு முறை பிளக்கையும் மாற்ற வேண்டும். ஜன்னலைத் திறந்துபோட்டு ஃபேன் சுற்றும் நம் வீடுகளில் அந்த வாசனை எவ்வளவு நிற்கும் என்பதே சந்தேகம்தான். ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. சில பூனைக்குக் கேட்கும், சிலதுக்குக் கேட்காது. எப்படியானாலும் கடுவன் மதிலில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஃபிலிம் அந்தக் காட்சியையே எடுத்துவிடுகிறது. வாங்கும்போது கவனம்: கண்ணாடிபோல் மின்னும் சன் கன்ட்ரோல் ஃபிலிம் வேண்டாம். பகலில் அது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் மறைக்கும், உள்ளிருக்கும் பூனைக்கு எல்லாம் தெரியும். பனிபோல் வெளுத்த ஃப்ராஸ்டட் ஃபிலிமைக் கேளுங்கள். ஜன்னல் திண்டிலிருந்து 60 முதல் 90 செ.மீ. உயரம் ஒட்டினால் போதும். மேல்பகுதியை விட்டுவிட்டு அந்த உயரத்தில் ஒரு பலகைத்தட்டு அடித்தால் மதில் கண்ணில் படாது, மரமும் காகமும் படும். அந்தத் தட்டில் இருந்து கீழே மதில் தெரிகிறதா என்று பூனையின் கண்மட்டத்தில் குனிந்து பார்த்துவிடுங்கள். கண்ணாடியைத் துடைத்து, ஒரு ஸ்ப்ரே பாட்டில் தண்ணீரில் சில சொட்டு பாத்திர சோப்பு கலந்து தெளித்து, ஃபிலிமை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் பட்டை வைத்த ஸ்குவீஜியால் தள்ளுங்கள். ஓரத்தில் 2 மி.மீ. இடைவெளி விடாவிட்டால் விளிம்பு மடிந்து உரியும். கொசுவலையில் ஃபிலிம் ஒட்டாது. அங்கே கிரில்லின் கீழ்ப்பாதியில், மறுபுறம் தெரியாத பிளாஸ்டிக் ஷீட்டை கேபிள் டை போட்டுக் கட்டுங்கள்.

ஆனால் ஃபிலிம் ஒட்டியும் பலன் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் வாடையைக் கவனிக்காமல் விட்டவர்கள். உண்மையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். வாசற்படியில் கடுவன் பீய்ச்சிய வாடை கதவடி இடுக்கு வழியாக உள்ளே வரும். பார்க்காமலே பூனைக்குத் தெரிந்துவிடும். நாம் உடனே ஃபினாயிலை ஊற்றுவோம். அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாகச் சிதைக்க முடியாது. நடந்த பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். டெட்டாலும் ஆகாது. அமோனியா உள்ள கிளீனரோ மூத்திரம்போலவே மணந்து, மறுபடி அங்கேயே பீய்ச்ச வைக்கும்.

என்சைம் உள்ள துணி சோப்புத்தூளை லிட்டருக்கு 100 கிராம் கரைத்துத் துடையுங்கள். வெறும் தண்ணீரில் அலசிக் காயவிட்டு, சர்ஜிகல் ஸ்பிரிட்டால் ஒருமுறை துடையுங்கள். வார்னிஷ் அடித்த மரமானால் முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவர், ஷூ ஸ்டாண்ட், மிதியடி எதையும் விடக்கூடாது. உங்கள் பூனை கன்னம் உரசி உரசிக் கதவு மூலையில் படிந்திருக்கும் பழுப்புக் கறையை மட்டும் தொடாதீர்கள். இந்த இடம் தன்னுடையது என்று பூனை எழுதிவைத்த அடையாளம் அது.

வாடகை வீட்டின் உரிமையாளர் ஃபிலிமே கூடாது என்றால் டிஃப்யூசரை முயலலாம். ஃபிலிம் ஒட்டுபவர்களும் முதல் மாதம் அதைச் சேர்த்துப் போடலாம். வெளிப்பூனைக்குச் சோறு வைப்பவர்கள் தட்டை ஜன்னலடியிலிருந்து எட்டத் தள்ளிவைக்கட்டும். அந்தக் கடுவனுக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிட்டால் பீய்ச்சுவது பெரும்பாலும் அடங்கிவிடும்.

இத்தனைக்கும் நடுவே உங்கள் ஆண்பூனை மண்தொட்டிக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கி, சொட்டு மூத்திரமும் வராமல் திரும்பினால் ஃபிலிமையும் டிஃப்யூசரையும் மறந்துவிடுங்கள். அது மூத்திரப்பாதை அடைப்பாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.