ஏத்தனுக்கு முக்கால், மட்டிக்கு 0.7

மார்த்தாண்டம் பக்கத்து வாழை ரகங்களுக்காக நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஓர் ஆன்டாலஜி (எது எந்த வகை, அதற்கு என்ன பண்பு என்று கணினிக்குப் புரியும்படி எழுதிய தொகுப்பு) கட்டி வருகிறோம். அதில் 'ஓரளவு உண்மை' என்பதை 0 முதல் 1 வரை அளவாகக் குறிக்க உதவும் ஃபஸ்ஸிஓவல்2 நீட்சியைப் பயன்படுத்தத் தொடங்கி இரண்டரை வருடம் ஆகிறது. போபிலோ, ஸ்ட்ராச்சா இருவரும் உருவாக்கியது, ஆன்டாலஜி எழுதும் மென்பொருளான புரொட்டேஜேக்குள்ளேயே ஓடும்.

ஆன்டாலஜி எழுதும் ஓவல் மொழியில் எதுவும் ஒன்று உண்டு, இல்லையென்றால் இல்லை; நடுவில் கிடையாது. சந்தையில் அப்படி யார் பேசுகிறார்கள்? "முக்கால் விளைச்சல்தான் மக்கா, ரெண்டு நாள் கிடக்கட்டு" என்பார்கள். விளைச்சல் என்றால் இங்கே காய் முற்றிய அளவு. ஏத்தனுக்குக் குலை தள்ளி 70 நாளில் 0, 90 நாளில் 1 என்று ஒரு சரிவுக்கோடு போட்டோம். 85ஆம் நாள் 0.75 வந்தது, எங்களுக்கு ஒரே சந்தோஷம். வியாபாரி சொல்லும் முக்கால் அதுதானா என்று மட்டும் கேட்காதீர்கள்; அவர் நாள் எண்ணுவதில்லை, காயின் விளிம்பைத் தடவிப் பார்க்கிறார்.

நிறுவுவது பெரும்பாடு. இந்த அளவெல்லாம் கோப்பில் வெறும் குறிப்புகளாகத்தான் உட்காரும். ஹெர்மிட் போன்ற வழக்கமான ரீசனர் (எழுதியதிலிருந்து முடிவுகளை வருவிக்கும் நிரல்) அவற்றைக் கண்டுகொள்ளாது. அவற்றைப் படிக்கும் ஃபஸ்ஸிடிஎல் என்ற ரீசனர் தனியாக வேண்டும், அதற்குக் குரோபி என்ற கணக்குத் தீர்க்கும் மென்பொருள் வேண்டும், குரோபிக்கு உரிமம் வேண்டும்.

நாங்கள் சறுக்கியது வேறு இடத்தில். 2023இல் மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் மட்டிக் குலைகளைப் பதியும் ஆர்வம் கூடியது. இது மட்டியா, வேறு ரகமா என்று சந்தேகம் வந்த குலைகளுக்கும் விளைச்சல் அளவு போடும் அதே பெட்டியில் 0.7 என்று போட்டுவிட்டோம். ஒரு நாள் 'மட்டியாகவும் மட்டி அல்லாததாகவும் இருப்பவை' என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். 0.3 என்று பதில் வந்தது! மட்டி 0.7 என்றால் மட்டி அல்லாதது மீதி 0.3. இப்படிப்பட்ட அளவுகளை 'உம்' போட்டுச் சேர்க்கும்போது ஜாடே முறையில் இரண்டில் சிறியதை எடுப்பார்கள், 0.7, 0.3 இரண்டில் 0.3. பாதி விளைந்த காய் விளைந்ததும்தான், விளையாததும்தான். அங்கே இது சரி. ஆனால் ஒரு குலை மட்டியென்றால் முழுக்க மட்டி. தெரியாதது நமக்குத்தானே, குலைக்கா? இரண்டையும் கூட்டி 1 கழிக்கும் வூகாசியேவிச் முறைக்கு மாற்றினால் 0 வந்தது. தீர்ந்தது என்று நினைத்தோம், அப்புறம்தான் உறைத்தது: மறைந்தது அறிகுறி மட்டும்.

சந்தேகத்துக்கு நிகழ்தகவு வேண்டும். பிஆர்-ஓவல் என்ற இன்னொரு ஓவல் நீட்சி அதற்கென்றே பேயசியன் நிகழ்தகவு வழியில் வந்தது, ஆனால் எங்கள் அளவுக்கு அது பெரிய சட்டை. இப்போது 'யார் சொன்னது, எவ்வளவு உறுதி' என்று தனிப் பண்பு வைத்திருக்கிறோம், ரீசனர் அதைத் தொடாது.

விளைச்சலுக்கு இந்த நீட்சியைத் தாராளமாக எடுக்கலாம். எங்கள் பழைய பதிவுகளில்தான் எந்த 0.7 சந்தேகம், எது விளைச்சல் என்று இன்னும் பிரிக்க முடியவில்லை. திரும்பப் போய்ப் பார்க்கலாமென்றால் அந்தக் குலைகள் எப்போதோ விற்றுப்போயின.