பழைய கேரவன் வாங்குமுன் பரிசோதகரை அழைத்தோம்: பிரிஸ்பேனில் ஒரு சேவையைப் பற்றிய மதிப்புரை

பிரிஸ்பேனில் வசிக்கும் எங்கள் குடும்பத்தில் ஐந்து பேர். ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் கடலோர விடுதிகளுக்குக் கொடுக்கும் வாடகையைக் கூட்டிப் பார்த்தபோது, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் ஒன்றை, பயன்படுத்தியதாகப் பார்த்து, வாங்கிவிடலாம் என்ற எண்ணம் வந்தது. கார் வாங்கிப் பழக்கம் உண்டு. சக்கரத்தின்மேல் நிற்கும் வீட்டை வாங்கிப் பழக்கமில்லை. ஆகவே, விற்பவரின் வாசலுக்கே வந்து கேரவனைப் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை தரும் ஒரு நடமாடும் சேவையை அமர்த்தினோம். தனியாளாகத் தொழில் செய்பவர், முன்னர் கேரவன் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். கட்டணம் 520 டாலர். அவரை இருமுறை அழைத்தோம். முதல் வண்டியை வேண்டாம் என்று விட்டோம், இரண்டாவதை வாங்கினோம். இந்த மதிப்புரை அந்த இரு பரிசோதனைகளையும் பற்றியது.

முதல் வண்டியை விற்றவர் எங்களிடம் சொன்ன முதல் வார்த்தை, "ரோட்வர்த்தி இருக்கிறது, காஸ் சான்றிதழும் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?" என்பதுதான். சட்டத்தின் கண்ணில் அவர் சொன்னது சரி. பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பதிவில் இருக்கும் கேரவனை விற்பனைக்கு வைக்கும்போதே பாதுகாப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அதை வண்டியில் பார்வைக்கு வைக்கவும் வேண்டும். பேச்சுவழக்கில் எல்லோரும் இன்னமும் 'ரோட்வர்த்தி' என்று அழைப்பது இதைத்தான். அடுப்பு, குளிர்பெட்டி என்று காஸில் இயங்கும் எதுவும் உள்ளே இருந்தால், உரிமம் பெற்ற காஸ் தொழிலாளி எழுதித் தரும் காஸ் சான்றிதழும் தேவை. தனியார் விற்பனையில் பாதுகாப்புச் சான்றிதழின் ஆயுள் இரண்டு மாதம் அல்லது 2,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அது. கேரவனுக்கு ஏது ஓடோமீட்டர் என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது.

அந்தச் சான்றிதழ் டயர், பிரேக், சஸ்பென்ஷன், விளக்கு, துருவேறிய உடற்பகுதி போன்றவற்றைத்தான் பார்க்கிறது. பரிசோதித்த அன்று அந்த வண்டி சாலையில் ஓடத் தகுதியுள்ளதாக இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்வதில்லை. சுவருக்குள் மரச்சட்டம் மக்கியிருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா, குடும்பத்தின் சாமான்களை ஏற்றிய பிறகும் எடை வரம்புக்குள் நிற்குமா என்பதெல்லாம் அந்தத் தாளின் வேலை அல்ல. எல்லா மாநிலத்திலும் விதி ஒன்றாகவும் இல்லை. விக்டோரியாவில் 4.5 டன்னுக்கு உட்பட்ட கேரவனைக் கைமாற்ற ரோட்வர்த்தியே தேவையில்லை; அங்கிருக்கும் உறவினர் மலிவாகக் கிடைக்கிறது என்று படம் அனுப்பினால், அந்த வண்டியை எவரும் அண்மையில் சோதித்திருக்கத் தேவையில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பரிசோதகர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். மன்னிப்புக் கேட்டார் என்றாலும், விற்பவரின் திண்ணையில் அவ்வளவு நேரம் காத்திருப்பது சங்கடமாகத்தான் இருந்தது. வந்தவர் கதவைத் திறக்கவில்லை. நேராக முன்பக்க இழுவைச் சட்டத்தருகே குனிந்து, அழுக்குப் படிந்த தகட்டைத் துணியால் துடைத்து, அதிலுள்ள எண்களைக் குறித்துக்கொண்டார். அந்தத் தகட்டில் ஏ.டி.எம்., ஜி.டி.எம்., வி.ஐ.என். எனப்படும் வண்டி அடையாள எண் என்று மூன்று விவரங்கள் இருந்தன. நம்மவர்களுக்கு ஏ.டி.எம். என்றால் பணம் தரும் இயந்திரம்தான் நினைவுக்கு வரும். இங்கே அது, காரிலிருந்து கழற்றி நிறுத்திய கேரவன் சாமான்களோடு சேர்த்து எட்டக்கூடிய உச்ச எடை. ஜி.டி.எம். என்பது காரோடு இணைத்திருக்கும்போது கேரவனின் சக்கரங்கள் மட்டும் தாங்கக்கூடிய உச்ச எடை. மீதி எடை காரின் பின்புறக் கொக்கியில் விழும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அங்கே விழுவது நல்லது என்பது பொதுவான கணக்கு.

வி.ஐ.என். விவகாரம்தான் எங்களை அதிகம் கலங்க வைத்தது. பி.பி.எஸ்.ஆர். எனப்படும் தேசியப் பதிவேட்டில் 2 டாலர் செலுத்தித் தேடினால், அந்த வண்டியின்மேல் எவரேனும் கடன் பாத்தியதை பதிந்திருக்கிறார்களா, அது திருட்டுப்போனதாகவோ விபத்தில் கழிக்கப்பட்டதாகவோ பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். விற்பவர் குறுஞ்செய்தியில் அனுப்பிய எண்ணை வைத்து நான் முதல் நாள் இரவே தேடி, 'பதிவு எதுவும் இல்லை' என்ற சான்றிதழைப் பெற்று நிம்மதியாகத் தூங்கியிருந்தேன். தகட்டைப் படித்த பரிசோதகர் என் கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, 17 எழுத்துகளில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். தகட்டில் 8 இருந்த இடத்தில் குறுஞ்செய்தியில் ஆங்கில 'பி' எழுத்து இருந்தது. அப்படியானால் நான் தேடியது இல்லாத வண்டியை. சான்றிதழில் வண்டியின் தயாரிப்பு, நிறம் போன்ற விவரங்கள் எதுவுமே வராதிருந்ததை அப்போதே கவனித்திருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். சரியான எண்ணைப் போட்டு அங்கேயே நின்று தேடியபோது, ஒரு நிதி நிறுவனத்தின் பாத்தியதை வந்து நின்றது. விற்பவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். கடன் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றுதான் அவர் சொன்னார். ஆனால் கடன் நிலுவையில் இருக்கும்போது பணத்தை அவர் கையில் கொடுத்திருந்தால், நிறுவனம் வண்டியைத் தேடி எங்கள் வாசலுக்கு வந்திருக்கும்.

அடுத்தது பிரேக். ஆஸ்திரேலிய விதிப்படி ஜி.டி.எம். 750 கிலோவுக்கு உட்பட்ட இழுவை வண்டிக்குப் பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2,000 கிலோ வரை ஓர் அச்சின் சக்கரங்களிலாவது பிரேக் இருக்க வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருப்பதோடு, வண்டி ஓட்டத்தில் கழன்றுவிட்டால் தானாகவே பிரேக் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் பிடித்தபடியே இருக்கும் 'பிரேக் அவே' அமைப்பும் இருக்க வேண்டும். அடுக்குப் படுக்கை உள்ள இரட்டை அச்சுக் குடும்பக் கேரவன்கள் பலவும் இந்த மூன்றாம் வகையில்தான் வரும். பரிசோதகர் ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கி வைத்துத் தூக்கி, கையால் சுழலவிட்டு, பிரேக் அவே ஊசியை உருவினார். மூன்று சக்கரங்கள் சட்டென்று நின்றன. பின் இடப்பக்கச் சக்கரம் மட்டும், கோயில் ராட்டினம் ஓய்வதுபோல், சாவகாசமாகச் சுற்றி நின்றது. ஆறு வாரத்துக்கு முந்தைய பாதுகாப்புச் சான்றிதழ் அப்போதும் செல்லுபடியாகும் நிலையில்தான் இருந்தது. அது எழுதப்பட்ட நாளில் அந்தப் பிரேக் வேலை செய்திருக்கக்கூடும். டயர்களில் பள்ளம் ஆழமாக இருந்தாலும் பக்கவாட்டில் 2314 என்று பதிந்திருந்தது. 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஓடித் தேயாமல், வெயிலில் நின்றே முதிர்ந்த டயர்கள் அவை.

இவை எல்லாம் பணம் கொடுத்தால் சரியாகிவிடும் குறைகள். உள்ளே நுழைந்த பிறகு வெளிவந்ததுதான் முடிவைத் தீர்மானித்தது. உள்ளே பளிச்சென்றிருந்தது. என் மனைவி வாசலிலேயே நின்று, "ஏங்க, புதுப் பெயின்ட் வாசனை வருதே, விக்கிறதுக்குன்னே அடிச்சிருப்பாங்களோ?" என்று கேட்டார். பரிசோதகர் ஈரமானியை எடுத்து, சன்னல்களின் கீழ்மூலை, கூரைத் திறப்பின் ஓரம், சுவரும் தரையும் சேரும் கோடு என்று முறையாக ஒவ்வோர் அடியாக வைத்துக்கொண்டே போனார். பெரும்பாலான இடங்களில் முள் அசையவில்லை. அடுக்குப் படுக்கையின் கீழ், போர்வைகள் அடுக்கியிருந்த அலமாரியின் பின்மூலையில், கருவி விடாமல் கூவத் தொடங்கியது. போர்வைகளை எடுத்து வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் கட்டைவிரலால் அழுத்தச் சொன்னார். பிளைவுட் பலகை, ஊறவைத்த ரஸ்க்கைப்போல் உள்வாங்கியது. வெளிப்பக்கம் போய்ப் பார்த்தால் அதே மூலையில் பழைய மஞ்சளேறிய சிலிக்கோன் அடைப்புப் பசையின்மேல் புது வெள்ளைச் சிலிக்கோன் தாராளமாகப் பூசப்பட்டிருந்தது. நீர் புகுந்து பல காலம் ஆகியிருக்கும், வெளியே அடைத்ததால் உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் சட்டத்தை அரித்துக்கொண்டிருக்கும் என்றார் அவர். மரச்சட்டக் கேரவனில் ஒரு மூலையைச் சரிசெய்ய வெளித்தகட்டையே கழற்ற வேண்டிவரும் என்பதால், செலவு எங்கே போய் நிற்கும் என்று திறந்து பார்க்காமல் சொல்ல அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பே எனக்கு அவர்மீது நம்பிக்கையைக் கூட்டியது. வண்டியை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தோம். கேட்ட விலை 34,000 டாலர்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது வண்டியைப் பார்க்க அவரையே அழைத்தோம். மறுமுறை என்பதால் 60 டாலர் குறைத்துக்கொண்டார். ஈரம் எங்கும் இல்லை, நான்கு பிரேக்கும் பிடித்தன, வி.ஐ.என். எண்ணைத் தகட்டிலிருந்து நானே படமெடுத்துத் தேடினேன், பதிவேடு சுத்தமாக இருந்தது. இந்த முறை பேச்சு முழுவதும் எடையைப் பற்றியே இருந்தது. தகட்டில் ஏ.டி.எம். 2,400 கிலோ; பதிவு ஆவணத்தில் வெற்று எடை 1,980 கிலோ. காகிதத்தில் 420 கிலோ சாமான் ஏற்றலாம். ஆனால் முந்தைய உரிமையாளர் பிற்பாடு சூரியத் தகடு, இரண்டாவது பேட்டரி, சைக்கிள் தாங்கி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தார். தண்ணீர்த் தொட்டிகளை முழுக்க வடித்துவிட்டு, விற்பவரின் சம்மதத்தோடு அருகிலிருந்த பொது எடைமேடையில் காரிலிருந்து கழற்றி நிறுத்திப் பார்க்கச் சொன்னார். 2,110 கிலோ காட்டியது. ஏற்றக்கூடியது 290 கிலோவாகச் சுருங்கிவிட்டது. 80 லிட்டர் தொட்டிகள் இரண்டையும் நிரப்பினால் 160 கிலோ போய்விடும். இரண்டு சிலிண்டரில் 9 கிலோ வீதம் காஸ் 18 கிலோ. எஞ்சுவது 112 கிலோ. ஐந்து பேரின் துணி, படுக்கை, நாற்காலி, மேசை, அரிசி, பருப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கையோடு கொண்டுவரலாம் என்று வைத்திருந்த சிறு கிரைண்டரை வீட்டிலேயே விட்டுவிட அங்கேயே முடிவானது. மாவை அரைத்துப் பெட்டியில் எடுத்துப்போகிறோம்.

இந்த எடைக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் வரம்பைத் தாண்டி ஏற்றிச் செல்பவர்கள் அபராதத்துக்கு மட்டும் அஞ்சினால் போதாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதுவே காரணமாகிவிடக்கூடும். காரின் கைப்புத்தகத்தில் போட்டிருக்கும் இழுவைத் திறனும், காரும் கேரவனும் சேர்ந்த மொத்த எடை வரம்பும் தனித்தனி எண்கள் என்பதையும் அவர்தான் எங்கள் காரின் புத்தகத்தைப் புரட்டி விளக்கினார்.

குறைகளும் உண்டு. காஸ் இணைப்பை அவர் சோதிக்கவில்லை. தன்னிடம் அதற்கான உரிமம் இல்லை என்று முன்பே சொல்லியிருந்தாலும், விளம்பரத்தில் அது பளிச்சென்று தெரியும்படி இல்லை. சிலிண்டர்களின் கழுத்தில் பொறித்திருந்த சோதனைத் தேதியை மட்டும் காட்டி, பத்தாண்டு கடந்த ஒன்றை மாற்றச் சொன்னார். கூரைமேல் ஏறாமல் ஏணியில் நின்றபடியே பார்த்தார். மறுநாள் காலை தருவதாகச் சொன்ன அறிக்கை மூன்றாம் நாள் மாலைதான் வந்தது. விற்பவர் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவாரோ என்று அந்த இரண்டு நாளும் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாற்பது பக்க அறிக்கையில் படங்கள் தெளிவாக இருந்தாலும், எது ஆபத்து, எது சில்லறைக் குறை என்று பிரிக்காமல், கழன்ற கைப்பிடியும் தேய்ந்த பேரிங்கும் ஒரே எழுத்தளவில் அடுத்தடுத்து நின்றன. நேரில் உடன் இருந்திருக்காவிட்டால் அந்த அறிக்கை எங்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆகவே அவரை அழைப்பவர்கள் எப்படியாவது நேரம் ஒதுக்கி உடன் இருக்க வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவியின் பின்புறம் அச்சிட்ட ஆண்டு உட்பட, அவர் வாயால் விளக்கிச் சொன்னவை எழுத்தில் வந்தவற்றைவிட அதிகம்.

பெயர் மாற்றத்தில் சிக்கல் எதுவும் இல்லை. விற்பவரும் நாங்களும் எஃப்3520 படிவத்தில் கையெழுத்திட்டு, பாதுகாப்புச் சான்றிதழையும் காஸ் சான்றிதழையும் சேர்த்து, சட்டம் தரும் 14 நாள் கெடுவுக்குள் நான்காம் நாளே போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். வாங்கிய வண்டியில் இருந்த, தேதி முடிந்த சிலிண்டரின் விலையையும் பழைய டயர்களின் விலையையும் அறிக்கையைக் காட்டியே பேசிக் குறைத்ததில், இரண்டு பரிசோதனைகளுக்கும் சேர்த்துக் கொடுத்த 980 டாலரில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. நேரந்தவறாமையையும் அறிக்கை எழுதும் முறையையும் அவர் திருத்திக்கொண்டால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், இப்போதைக்கு நான்கு.