வேளாங்கண்ணிக் கடைத்தெரு: கிளம்புவதற்கு முன் சுரூபம் (மாதா சிலை) வாங்குபவர்களுக்கு

வேளாங்கண்ணிக்கு வந்த குடும்பம் எதுவும் "போறோம்" என்று சொல்லிக் கிளம்பாது. "போயிட்டு வர்றோம் தாயே" என்றுதான் படியிறங்கும். அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கடைத்தெருதான். வேன் ஹாரன் அடிக்கும், பெரியம்மா செபமாலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார், சின்னப் பிள்ளை சங்குக் கடையை விட்டு நகராது. பொருள்களில் பெரிய குறை இல்லை. ஆனால் முந்தின நாள் சாயங்காலமே வாங்கி முடித்துவிட வேண்டும்.

ஏனென்றால் வாங்கியதை மந்திரிக்க வேண்டும், அதாவது சாமியார் (பாதிரியார்) செபம் சொல்லி ஆசீர்வதிக்க வேண்டும். சுரூபம், செபமாலை, உத்தரியம் (கழுத்தில் அணியும் சிறு துணிப் படம்) எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் காலைப் பூசைக்குக் கொண்டுபோய்விட்டால், பூசை முடிந்ததும் சாமியாரிடம் காட்டி மந்திரித்துக்கொள்ளலாம். பூசைக்குப் பிறகு வாங்கினால் சாமியாரைத் தேடி மறுபடியும் ஓட வேண்டும். ஊருக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம் மந்திரித்தாலும் ஒன்றுதான். ஆனால் மாதா கோயிலிலேயே மந்திரித்தது என்று வீட்டில் சொல்ல முடியாது, அவ்வளவே.

சுரூபத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஃபைபர் இரண்டும் கிடைக்கும். நகத்தால் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டர் 'தொப்' என்று அடங்கிய சத்தம் தரும், ஃபைபர் உள்ளே கூடாக ஒலிக்கும். முகம் பிளாஸ்டரில்தான் சாந்தமாக அமையும். மலிவான ஃபைபரில் கண் எழுதியது கொஞ்சம் முறைப்பது போல இருக்கும். ஆனாலும் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு ஃபைபரே மேல். பிளாஸ்டர் வாங்கினால் அடிப்பகுதியைத் திருப்பி விரலால் தேயுங்கள். வெள்ளைப் பொடி தாராளமாக ஒட்டினால் கலவை சரியில்லை. தொட்டால் சில்லென்று, அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே ஈரம் காயவில்லை. சில மாதத்தில் சேலையின் பொன்நிறம் கொப்பளித்து உரியும். வீட்டில் அதை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, காய்ந்த தூரிகை போதும்.

உடைவது எப்போதும் மூன்றே இடம்: கிரீடத்தின் நுனி, செங்கோல், குழந்தை இயேசுவின் கை. கிரீடம் தனியாகக் கழன்று வருகிற சுரூபமாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் செய்தித்தாளை நேராகச் சுற்றி ரப்பர் போட்டுத் தந்துவிடுவார். அது போதாது. முதலில் கழுத்துப் பள்ளத்திலும் மாதா, குழந்தை இருவரின் கிரீடத்துக்கும் நடுவிலும் பஞ்சோ கசக்கிய காகிதமோ திணிக்க வேண்டும். பிறகு பழைய துண்டு ஒன்றை இரண்டு சுற்று. பள்ளத்தை நிரப்பாமல் சுற்றினால், சுற்றின இறுக்கமே கையை ஒடித்துவிடும். ஒரு அடிக்கு மேற்பட்ட சுரூபத்தை மடியில் வைத்துப் போக ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பஸ்ஸின் பின்சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கை வேண்டாம்.

மாதா குளத்துத் தீர்த்தத்துக்கு மாதா உருவத்திலேயே பிளாஸ்டிக் பாட்டில் விற்கிறார்கள். பார்க்க அழகு, மூடிதான் பலவீனம். வாங்கும் கடையிலேயே தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். கழுத்துவரை நிரப்பாமல் ஒரு விரல் இடம் விட்டு, மூடி இறுகும் திசையிலேயே செல்லோடேப்பை மூன்று சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் டேப்பே மூடியைத் தளர்த்தும். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானம் ஏறுபவர்கள் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலை வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில் போடுங்கள்.

மெழுகுவர்த்தியை வெயிலில் நிறுத்திய காரின் பின்கண்ணாடி ஓரம் வைத்தால் தஞ்சாவூர் தாண்டுவதற்குள் வில்லாக வளைந்துவிடும். இருக்கைக்கு அடியில், துணி நடுவே, படுக்கவைத்து. கருவாடும் கடைசியில் வாங்குவதுதான், ஆனால் செபமாலைப் பையோடு மட்டும் வேண்டாம்.

நேர்ச்சைக்குத் தகட்டில் செய்த வீடு, தொட்டில், கண், கால் விற்பவர்கள் வெள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். சாதாரணத் தகடுதான், அந்த விலை கொடுத்தால் போதும்.

நேரக் கணக்கும் உண்டு. பல விடுதிகளில் 24 மணி நேரம் என்றால் நுழைந்த நேரத்திலிருந்துதான். அதிகாலை 4 மணிக்கு அறை எடுத்தவர்கள் 4 மணிக்கே காலி செய்ய வேண்டும்; பூசைக்குப் போய்வரும்வரை மூட்டைகளுக்கு இடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை திருவிழா. 8ஆம் தேதி கொடியிறக்கம் முடிந்ததும் ஊரே ஒரேயடியாகப் பஸ் நிலையத்துக்கு வரும். கைக்குழந்தையும் முழங்காலில் புனிதப் பாதை (மாதா குளத்துக்குப் போகும் மணல் வழி) கடந்த பெரியவர்களும் உள்ள குடும்பம் அன்றிரவு தங்கிவிட்டு, 9ஆம் தேதி விடியற்காலையில் கோயிலுக்குள் ஒரு எட்டுப் போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்பலாம். பீடத்துக்கு முன்னால் நிற்க அப்போது இடம் இருக்கும்.