வாட்டர்கலர் முகப்படம்: ஃபில்டரா, ஆக்‌ஷனா, மாஸ்க்கா?

ஒரு போட்டோவை நீர்வண்ண ஓவியமாக மாற்ற போட்டோஷாப்பில் மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஃபில்டர் போட்டு முடித்துவிடலாம். வேலைப் படிகளை வரிசையாகப் பதிந்து வைத்து, தயாராகக் கிடைக்கும் ஆக்‌ஷன் ஒன்றை ஓட்டிவிடலாம். ஒரு லேயரில் (படத்தின் ஓர் அடுக்கில்) எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று தீர்மானிக்கும் லேயர் மாஸ்க்கில், நீர்க்கறை வடிவ வாட்டர்கலர் பிரஷ்ஷைப் பதித்து, முகத்தைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்கொண்டு வரலாம். இப்போது ஏஐ நான்காவதாக வந்து சேர்ந்திருக்கிறது. நான் மாஸ்க் கட்சி. படம் முடிந்த பிறகு வரும் திருத்தத்தை வைத்துத்தான் அந்த முடிவு. "கண் இன்னும் தெளிவாக இருக்கட்டும்", "இந்த போட்டோ வேண்டாம், வேறு தருகிறேன்" என்ற பேச்சு வராத முகப்பட வேலை அபூர்வம். அப்போது எந்த வழி உங்களை முதலிலிருந்து தொடங்க வைக்காது என்று பார்த்தால் மற்ற மூன்றும் பின்தங்கிவிடுகின்றன.

ஃபில்டரை முதலில் பார்த்துவிடலாம். ஃபில்டர் கேலரியில், ஆர்ட்டிஸ்டிக் பிரிவில், வாட்டர்கலர் என்ற பெயரிலேயே ஒன்று இருக்கிறது. பெயரை நம்பிப் போட்டால் நிழல்கள் கறுத்துவிடும். ஷேடோ இன்டென்சிட்டியைப் பூஜ்யத்துக்கு இறக்கினாலும் மூக்கின் அடியும் தாடைக்குக் கீழும் கரி பூசியது போல நிற்கும். கையால் தீட்டும் நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பதே தாளின் வெள்ளைதான். மெல்லிய வண்ணத்தில் தொடங்கி அடுக்கடுக்காக அடர்த்தி கூட்டுவார்கள். முழுக் கறுப்பு வரை போவது குறைவு. ஃபில்டர் போகும் திசை இதற்கு நேர் எதிர்.

இன்னொரு சிக்கல், இந்த ஃபில்டர்கள் எல்லாம் பிக்சல் கணக்கில் வேலை செய்பவை. 1000 பிக்சல் உயரப் படத்தில் முகத்தைக் குழப்பிவிடும் அதே அளவு, 6000 பிக்சல் படத்தில் இருக்கிற இடமே தெரியாது. வண்ண நுணுக்கம் கூடிய 16 பிட் படத்திலும், அச்சு வண்ண முறையான சிஎம்ஒய்கே படத்திலும் ஃபில்டர் கேலரி மெனு மங்கிக் கிடக்கும்; 8 பிட் ஆர்ஜிபிக்கு மாற்றினால்தான் திறக்கும்.

ஆக்‌ஷனுக்கு வேகம் பலம். பிளே பட்டனைத் தட்டினால் தெறிப்பு, கறை, பென்சில் கோடு, தாளின் சொரசொரப்பு எல்லாம் வந்துவிடும். ஆனால் அவற்றில் பல, பதிவு செய்யப்பட்ட சூழல் அப்படியே இருந்தால்தான் ஓடும். லேயர் பெயர் குறிப்பிட்டபடி இருக்க வேண்டும், படத்தின் அளவு சொன்ன எல்லைக்குள் இருக்க வேண்டும், சிலவற்றுக்கு போட்டோஷாப் ஆங்கிலப் பதிப்பாகவே இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் பாதியில் பிழைச் செய்தி வந்து நிற்கும். முழுதாக ஓடினால் கையில் கிடைப்பது பெயரில்லாத ஒரு லேயர் மலை. கண் மேல் விழுந்த ஒரு கறையை நீக்க, அது எந்த லேயரில் இருக்கிறது என்று கண் சின்னத்தை ஒவ்வொன்றாக அணைத்துத் தேட வேண்டியிருக்கும். மூலப் படம் நடுவில் எங்காவது ராஸ்டராகி, அதாவது வெறும் பிக்சல்களாக உறைந்து, போயிருந்தால் போட்டோவை மாற்றவே முடியாது, மறுபடி ஓட்டத்தான் வேண்டும்.

ஏஐ பற்றிச் சுருக்கமாக. வண்ணம் பரவும் அழகு சில நேரம் அசத்தும். ஆனால் முழுப் படத்தையும் புதிதாக உருவாக்கித் தரும் கருவிகள் மச்சத்தையும் பல் இடைவெளியையும் இமை மடிப்பையும் தம் விருப்பத்துக்குச் சரிசெய்துவிடுகின்றன. முகப்படத்தில் அந்த ஆளே தெரியவில்லை என்றால் மற்றதெல்லாம் எதற்கு? மறுபடி ஓட்டினால் மறுபடி வேறு முகம். இந்தக் கருவிகள் வேகமாக மாறிக்கொண்டிருப்பதால் இன்று சொல்வது நாளைக்குப் பொருந்தாமலும் போகலாம். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி மாஸ்க். அச்சு அளவை முதலில் முடிவு செய்யுங்கள். 300 பிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஏ4 என்றால் 2480 × 3508 பிக்சல், ஏ3 என்றால் 3508 × 4961. ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும் போட்டோ நல்லது. நேர் ஃபிளாஷில் எடுத்ததில் நிழல் வடிவமே இருக்காது, வண்ணம் பிரிக்க ஒன்றும் மிஞ்சாது. செலக்ட் சப்ஜெக்ட் கொடுத்து ஆளைத் தனி லேயராக எடுங்கள். முடியின் ஓரத்தில் இழை இழையாக மெனக்கெட வேண்டாம், அந்த ஓரம் எப்படியும் பிரஷ் தடத்தில் கரையப்போகிறது.

அந்த லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றுங்கள். அது மூலப் படத்தை உள்ளே பத்திரமாக வைத்துக்கொள்ளும்; அதன் மேல் போடும் ஃபில்டர்கள் பின்னால் மாற்றக்கூடிய ஸ்மார்ட் ஃபில்டர்களாக நிற்கும். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் மாஸ்க் முறையின் லாபம் முழுவதும் போய்விடும். பிறகு கன்ட்ரோல் ஜே அழுத்தி நகல் எடுங்கள். இரண்டு லேயரும் ஒரே மூலப் படத்தைப் பகிர்ந்துகொள்ளும், ஆனால் ஃபில்டரும் மாஸ்க்கும் தனித்தனி. நியூ ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வயா காப்பி கொடுத்துவிடாதீர்கள், அது மூலத்தையும் பிரித்துவிடும்.

கீழ் லேயர் வண்ணக் கழுவலுக்கு. கேமரா ரா ஃபில்டரில் ஷேடோவை நன்றாக உயர்த்தி, வைப்ரன்ஸ் சற்றுக் கூட்டி, அதன் மேல் காஸியன் பிளர் 20 பிக்சல் அளவில் போடுங்கள். மேல் லேயர் முக விவரத்துக்கு. இதிலும் முதலில் ஷேடோ உயர்த்தல், அடுத்து ஃபில்டர் கேலரியில் உள்ள ட்ரை பிரஷ், பிறகு அங்கேயே உள்ள கட்அவுட்டில் 5 அல்லது 6 லெவல். கட்அவுட்டைத் தனி ஸ்மார்ட் ஃபில்டராகச் சேர்த்து ஓப்பாசிட்டியைப் பாதியாகக் குறையுங்கள். ஒரே ஃபில்டர் கேலரிக்குள் இரண்டையும் அடுக்கினால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஓப்பாசிட்டிதான் கிடைக்கும். கடைசியில் விளிம்புகளைக் கோடாக்கும் ஃபைண்ட் எட்ஜஸ், கீழிருப்பதை அடர்த்தியாக்கும் மல்டிப்ளை மோடில், 30 முதல் 50 சதவீதம். அதற்கு முன் ஸ்மார்ட் பிளர் ஒன்று போடாவிட்டால் தோலின் துளைகள் எல்லாம் கோடாக வந்து முகம் முதிர்ந்து தெரியும்.

இப்போது இரண்டு லேயருக்கும் ஹைட் ஆல் மாஸ்க் கொடுங்கள். மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்; இப்போது முழுக்கக் கறுப்பு என்பதால் படம் மறைந்துவிடும். வெள்ளை நிறத்தில், வாட்டர்கலர் பிரஷ்ஷை இழுக்காமல் முத்திரை குத்துவது மாதிரி ஒவ்வொரு கிளிக்காகப் பதியுங்கள். இழுத்தால் ஒரே தடம் வரிசையாக விழுந்து கம்ப்யூட்டர் வேலை என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் ஆங்கிளையும் அளவையும் மாற்றுங்கள், அவ்வப்போது ஃபிளிப் எக்ஸ் போடுங்கள். 500 பிக்சலில் உருவான பிரஷ்ஷை 2500க்குப் பெரிதாக்கினால் ஓரம் மங்கும். பெரிய முனையுள்ள பிரஷ்ஷாகவே தேர்ந்தெடுங்கள்.

கீழ் லேயரின் மாஸ்க்கைத் தாராளமாகத் திறக்கலாம், தோளும் முடியும் பாதியில் தாளோடு கலக்கட்டும். மேல் லேயரில் கண், மூக்குத்துளை, உதட்டுக் கோடு, நிழல் பக்கத் தாடை இவ்வளவுதான் முழுமையாக வேண்டும். வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்து நிற்பது இந்த இரண்டு மாஸ்க்கின் வித்தியாசத்தில்தான் பிறக்கிறது. ஒற்றை லேயரில் செய்யும் படங்கள் கறை வடிவத்தில் வெட்டிய போட்டோவாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

ஈர வண்ணம் காயும்போது நிறமி ஓரத்துக்கு நகர்ந்து அங்கே அடர்த்தியாகப் படியும். அதற்குக் கீழ் லேயரில் இன்னர் க்ளோ கொடுத்து, மல்டிப்ளை மோடில், முடி நிறத்தை ஒட்டிய ஓர் அடர் நிறத்தில், 25 சதவீதத்துக்குள் வையுங்கள். மாஸ்க்கின் ஓரம் கூர்மையாக இருக்கும் இடங்களில் இது நன்றாகப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே தாள் டெக்ஸ்சர், மல்டிப்ளையில். தாளின் வெள்ளையை முன்பே லெவல்ஸில் உயர்த்தாவிட்டால் தோல் நிறம் சாம்பல் பூத்துவிடும்.

திருத்தம் வரும்போது நடப்பதைப் பாருங்கள். கண் மங்கலா? மேல் லேயரின் ஸ்மார்ட் ஃபில்டர் மாஸ்க்கில் (ஃபில்டர் எங்கே தெரியும் என்பதை இது தீர்மானிக்கும்), கண் இருக்கும் இடத்தில் 40 சதவீதக் கறுப்பால் ஒரு தடவல், அங்கே மட்டும் அசல் போட்டோ எட்டிப்பார்க்கும். கன்னத்தில் கறை அதிகமா? லேயர் மாஸ்க்கில் அந்த இடத்தை மட்டும் வெள்ளையால் நிரப்பிவிடலாம். போட்டோவே வேறா? ரீப்ளேஸ் கன்டென்ட்ஸ் கொடுத்தால் இரண்டு லேயரிலும் சேர்ந்தே மாறும், ஃபில்டர்கள் தாமாகவே புதுப் படத்தின் மேல் ஓடும். ஆனால் புதுப் படத்தை பழையதன் அதே பிக்சல் அளவில், கண்கள் அதே இடத்தில் வரும்படி முன்பே வெட்டி வைத்திருக்க வேண்டும். முடி, தோள் வடிவம் மாறுவதால் ஓர மாஸ்க்கில் மட்டும் சில பதிவுகள் மறுபடி தேவைப்படும்.

இந்த முறைக்கும் பலவீனம் உண்டு. கோப்பு பருத்துவிடும், 2 ஜிபியைத் தாண்டினால் பிஎஸ்டியாகச் சேமிக்க முடியாது, பெரிய கோப்புக்கான பிஎஸ்பி வடிவம் வேண்டும். அளவு மாற்றினால் ஸ்மார்ட் ஃபில்டர்கள் புதுப் பிக்சல் அளவில் மறுபடி கணக்கிடப்பட்டுத் தோற்றம் மாறிவிடும். சிறிய பிரதி வேண்டுமென்றால் ஃபிளாட்டன் செய்த, அதாவது எல்லா லேயரையும் ஒன்றாக்கிய, நகலைச் சுருக்குங்கள், மூலக் கோப்பைச் சுருக்காதீர்கள்.

கிம்ப் என்ற இலவச மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழி ஓரளவு திறந்திருக்கிறது. போட்டோஷாப்பின் ஏபிஆர் பிரஷ் கோப்புகளை அது படிக்கும், லேயர் மாஸ்க் உண்டு, 2025இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அதன் சொந்த ஃபில்டர்களைப் பின்னால் மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. ஜிமிக் பிளக்இன் வழியாகப் போடும் ஓவிய ஃபில்டர்கள் மட்டும் லேயரிலேயே பதிந்துவிடும். அவற்றை ஒரு நகல் லேயரில் போடுங்கள்.

சமூக வலைத்தளத்தில் 400 பிக்சல் வட்டத்துக்குள் அடங்கும் முகப்படம் மட்டும் போதும், யாரும் திருத்தம் கேட்கப் போவதில்லை என்றால் ட்ரை பிரஷ்ஷும் தாள் டெக்ஸ்சரும் தாராளம். அந்த அளவில் மாஸ்க்கின் ஓரமோ வழிந்த வண்ணமோ கண்ணுக்கே தெரியாது.