கிருஷ்ணகிரி எருது விடும் விழா: முதன்முறை செல்பவருக்கு

கிருஷ்ணகிரி வட்டாரத்து எருது விடும் விழாவை முதன்முறையாகக் காணச் செல்பவருக்கு நான் சொல்ல விரும்புவது இரண்டு: ஒரு முழு நாளை ஒதுக்கிப் போய்ப் பார்க்கத் தக்க விழா அது; எங்கே நின்று பார்ப்பது என்று அறியாமல் போனால் அந்த நாளில் பாதி வீணாகிவிடும். பர்கூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த விழாவுக்கு, மாடு வளர்க்கும் உறவினர் ஒருவருடன் இவ்வாண்டு சென்றிருந்தேன். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முற்றிலும் வேறான விளையாட்டு.

இங்கே திமிலைத் தழுவி மாட்டை அடக்குவது போட்டியன்று. இருபுறமும் தடுப்புக் கட்டிய நீண்ட ஓடுதளத்தில் எருதுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுகிறார்கள். குறித்த தூரத்தை எந்த எருது மிகக் குறைந்த நேரத்தில் கடக்கிறதோ அதற்கே முதல் பரிசு. சில ஊர்களில் கொம்பில் அலங்காரத் தட்டி கட்டி விட்டு, அதை இளைஞர்கள் பறிப்பதையே விளையாட்டாக வைத்திருக்கிறார்கள். நான் சென்ற ஊரில் தட்டி இல்லை, ஓட்டம் மட்டுமே. ஏறத்தாழ நூறு மீட்டர் தூரத்தை நல்ல எருதுகள் பத்து விநாடியை ஒட்டிக் கடந்தன. அடுத்தடுத்த இடங்களைப் பிரித்தது விநாடியின் நூற்றில் சில பங்குகள்தான். கண்ணால் பார்த்து எது முந்தியது என்று யாராலும் சொல்லிவிட முடியாது என்பதால், தொடக்கத்திலும் முடிவிலும் மின்னணுக் கடிகாரத்தோடு இணைந்த கருவிகளை வைத்திருந்தார்கள். அந்தக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்பதை விழாக் குழுவினர் அடிக்கடி சோதித்துக்கொண்டே இருந்தது எனக்கு மிகுந்த நம்பிக்கையை அளித்தது.

போட்டி தொடங்குவதற்கு வெகு நேரம் முன்பே போய்விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எருதுகள் மினி லாரிகளிலிருந்து இறங்கும் இடத்தில் ஓட்டத்துக்குச் சற்றும் குறையாத காட்சிகள் உண்டு. என் அருகில் வந்து நின்ற சாம்பல் நிற எருதுக்கு, நெற்றியிலிருந்து பின்னோக்கி வளைந்து செல்லும் நீண்ட கொம்புகளில் எண்ணெய் மினுமினுத்தது. அதைப் பிடித்திருந்த பெரியவர் ஈரத் துண்டால் மூக்கைத் துடைத்துவிட்டு, மூக்கணாங்கயிற்றில் விரல் நுழைய இடம் இருக்கிறதா என்று பார்த்து, பின்பு நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கல் ஏதும் சிக்கியிருக்கிறதா எனத் தடவினார். “பயப்படாதேடா கண்ணு, நான் அந்தக் கோடியில்தான் நிற்பேன்” என்று அதன் காதருகே அவர் சொன்னது எனக்குக் கேட்டது. கால்நடை மருத்துவர் கண்களையும் வாயையும் உடல் வெப்பத்தையும் பார்த்து, காயம் ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகே எருதை வரிசையில் விட்டார்கள். கால் தாங்கி நடந்த ஒன்றை அவர் திருப்பி அனுப்பியபோது, உரிமையாளர் முகம் வாடினாலும் மறுபேச்சுப் பேசாமல் ஓட்டிச் சென்றார்.

உழவுக்கும் பாரத்துக்கும் டிராக்டர் வந்துவிட்ட பிறகு, நாட்டு இனத்தில் காளைக் கன்று பிறந்தால் அதை வைத்து வளர்ப்பதற்கு விவசாயிக்கு உள்ள காரணங்கள் மிகக் குறைந்துவிட்டன. இந்த மண்ணுக்கே உரிய ஆலம்பாடி இனத்தைக் காப்பதற்காகத் தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் அருகே ஆராய்ச்சி மையம் ஒன்று அமைக்க வேண்டிய நிலை வந்தது. எல்லைப் பகுதியில் ஆலம்பாடியோடு ஹள்ளிகார் இன எருதுகளும் நிறையவே ஓடுகின்றன. குப்பம், கோலார் பக்கத்திலிருந்தும் உரிமையாளர்கள் வருவதால் மைக்கில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்தே ஒலிக்கின்றன. ஓட்டத்தில் பெயர் வாங்கிய எருதுக்குச் சந்தையில் கிடைக்கும் விலையும், அதைவிட ஊரில் கிடைக்கும் மரியாதையும்தான் இன்று பல வீடுகளில் காளைக் கன்றைத் தொழுவத்தில் நிறுத்தி வைத்திருக்கின்றன என்று உறவினர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

இனி, எங்கே நிற்பது என்பதற்கு வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் எருது புறப்படும் வாடியைச் சுற்றியே முண்டியடிக்கிறார்கள். அங்கே தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகும் எழும்பும் புழுதியும் மட்டுமே. ஓடுதளத்தில் பாதியைத் தாண்டி, மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், சற்று மேடான பக்கத்தில் நில்லுங்கள். புறப்பட்ட வேகத்தில் எல்லா எருதுகளும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. இந்த இடத்துக்கு வரும்போதுதான் பயிற்சி பெற்ற எருது கழுத்தைத் தாழ்த்திக் கால்களை இன்னும் நீட்டி வைப்பதும், பழக்கமில்லாதது கூட்டத்தின் கூச்சலில் தலையைத் திருப்பி வேகம் இழப்பதும் தெளிவாகத் தெரியும். சலங்கைச் சத்தம் தொலைவில் கேட்டு, நெருங்கி, நெஞ்சில் அதிர்ந்து, கடந்து போவதற்குள் இரண்டு மூச்சுதான் விட்டிருப்போம். பெண்களும் குழந்தைகளும் ஓடுதளத்தை ஒட்டிய வீடுகளின் மாடிகளில் இருந்து பார்த்தார்கள். கேட்டால் இடம் கொடுக்க யாரும் தயங்குவதில்லை.

புறப்படும் முன் அனுமதியை உறுதி செய்துகொள்வது அவசியம். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கு விதித்த தடைக்குப் பிறகு, 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தில் ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு எருது விடும் விழாவும் சேர்க்கப்பட்டது; அந்தச் சட்டம் செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே 18 அன்று தீர்ப்பளித்தது. எனவே ஒவ்வொரு விழாவுக்கும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படுகிறது. 2023 பிப்ரவரியில் ஓசூர் அருகே கோபசந்திரத்தில் அனுமதி தாமதமானதால் மக்கள் தேசிய நெடுஞ்சாலையை மறித்ததும், அது கல்வீச்சில் முடிந்ததும் பலருக்கு நினைவிருக்கும். சுவரொட்டியை மட்டும் நம்பி வெளியூரிலிருந்து கிளம்பிவிடக் கூடாது.

வசதிகளைப் பொறுத்தவரை குறை பெரிதாக இல்லை. பார்வையாளருக்குக் கட்டணம் இல்லை. கம்பங்கூழும் மிளகாய் பஜ்ஜியும் நல்ல விலையில் கிடைத்தன. குடிநீர்த் தொட்டி உச்சி வெயிலுக்கு முன்பே காலியாகிவிட்டதால், தண்ணீரைக் கையோடு கொண்டுபோவது நல்லது. வண்டி நிறுத்தம் அறுவடை முடிந்த வயல்களில். மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் வெளியே வர நெடுநேரம் ஆகிறது.

விழாக் குழு அவசியம் திருத்திக்கொள்ள வேண்டியவை இரண்டு உண்டு. ஒவ்வோர் எருதின் நேரத்தையும் மைக்கில் ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள். மேளச் சத்தத்தில் அது பாதிப் பேருக்குக் கேட்பதில்லை. முன்னணியில் இருக்கும் சில எருதுகளின் நேரத்தையாவது ஒரு பலகையில் எழுதி உயரத்தில் வைத்தால், புதிதாக வருபவரும் போட்டியின் போக்கை இறுதிவரை பின்தொடர முடியும்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. எல்லைக் கோட்டைத் தாண்டிய எருது உடனே நின்றுவிடுவதில்லை. அதன் வேகம் தணிந்து உரிமையாளர் கயிற்றைப் பிடிக்கும் வரை அதற்கு நீண்ட வெற்றிடம் வேண்டும். நான் பார்த்த ஊரில் தடுப்பு அந்தக் கோட்டுக்குச் சற்று அப்பாலேயே முடிந்துவிட்டது. அங்கே கைப்பேசியில் படமெடுக்கும் இளைஞர்கள் பாதையின் குறுக்கே நின்றிருந்தார்கள். ஓர் எருது விலகித் திரும்பியதில் இருவர் கீழே விழுந்தனர், நல்லவேளையாகச் சிராய்ப்போடு போயிற்று. இத்தனை ஒழுங்காக விழா நடத்தத் தெரிந்த குழுவுக்கு, தடுப்பை இன்னும் ஐம்பது மீட்டர் நீட்டுவதும், மாடு பிடிக்கும் அந்த இடத்தில் உரிமையாளர்களையும் மருத்துவக் குழுவையும் தவிர வேறு யாரையும் விடாதிருப்பதும் கடினமான காரியம் அல்ல. அடுத்த விழாவுக்கு முன் அதைச் செய்யும்படி அவர்களிடம் நேரிலும் கேட்டுக்கொண்டேன். அதுவரை, குழந்தைகளோடு செல்பவர்கள் எல்லைக் கோட்டுப் பக்கம் போக வேண்டாம்.