எழுத்து எதுக்கு மாப்ள என்று கேட்ட பார்ட்னர்

திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் போடலாம், பாதிப் பாதி என்று யாராவது உங்களைக் கூப்பிட்டிருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் சரி சொல்லுங்கள்.

என் பார்ட்னரும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நான் 6 லட்சம் போட்டேன், அவன் 2 லட்சமும் உழைப்பும். ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் சேர்த்து எட்டு தையல் மிஷின். ஒப்பந்தம் எழுதிக்கலாமா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "எழுத்தெல்லாம் எதுக்கு மாப்ள, நீ என்ன ஓடியா போகப்போறே?" என்று சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜிஎஸ்டி, கரண்ட் அக்கவுண்ட், ஷெட் வாடகை எல்லாமே அவன் பேரில். அலைச்சல் மிச்சம் என்றுதான் நினைத்தேன். காகிதத்தில் அது அவனுடைய தனிக் கம்பெனி என்பது மண்டையில் ஏறவில்லை.

முதல் வருஷம் ஒரே ஒரு தடவை 30,000 கைக்கு வந்தது. அப்புறம் மாதாமாதம் "பார்ட்டி பேமெண்ட் வரலை". இரண்டாவது தீபாவளிக்குக் கணக்குக் கேட்டபோது சொன்னான்: "என்ன கணக்கு? நீ கைமாத்தாக் கொடுத்த காசுதானே, மெதுவாத் தர்றேன்."

அன்று ராத்திரி முழுக்க போனைக் குடைந்தேன். 6 லட்சத்தை ஐந்து தவணையாக அனுப்பியிருந்தேன். நாலில் குறிப்பு காலி. 80,000 அனுப்பியதில் மட்டும் "ஓவர்லாக் 2" என்று அடித்திருந்தேன். வக்கீல் பென்சிலால் வட்டம் போட்டது அந்த ஒரு வரிக்குத்தான்.

வாய்ப்பேச்சில் ஆரம்பித்த கூட்டும் 1932-ஆம் வருஷக் கூட்டாண்மைச் சட்டப்படி செல்லும், ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள் என்றார். நிரூபித்தாலும், வேறு ஏற்பாடு பேசியதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் லாப நட்டம் சரிபாதிதான். ஆறு போட்டவன், இரண்டு போட்டவன் என்ற பேச்சே கிடையாது. பதிவு செய்யாத கூட்டு என்பதால் பிரிவு 69 வேறு குறுக்கே நிற்கிறது. கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம், மற்றபடி ஒப்பந்த உரிமை என்று பார்ட்னர் மேல் வழக்குப் போட முடியாது. இன்னொரு கூத்து, நான் பார்ட்னர் என்று ஜெயித்துவிட்டால் நூல்கடைக்காரர் தன் பாக்கி முழுவதையும் என்னிடமே கேட்கலாம்.

அவன் பக்கமும் ஒன்று உண்டு. நைட் ஷிப்டு முழுக்க நின்றவன் அவன். அவனுக்குச் சம்பளம் எவ்வளவு என்று நாங்கள் பேசவே இல்லை. பேசாவிட்டால் சட்டமும் தராது. அந்தக் கடுப்பில்தான் புத்தி மாறியதோ என்னவோ. யாருக்கு என்ன விகிதம், சம்பளம் உண்டா, செக்கில் யார் கையெழுத்து, விலகினால் மிஷினுக்கு எப்படி விலை போடுவது என்று நாலு பக்கம் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கூட்டைப் பதிந்திருந்தால் ஒரு நாள் வேலை கெட்டிருக்கும், அவ்வளவுதான்.

கடைசியில் 3 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டேன். வாங்கப் போனபோது, இனி எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை என்று முத்திரைத்தாளில் டைப் அடித்து, சாட்சிக்கு இரண்டு பேரையும் உட்கார வைத்திருந்தான்.