துளையில் பிடித்த வெள்ளை: சூப்பர் 8 ஸ்கேன் அனுபவம்

அப்பா எடுத்த மூன்று சூப்பர் 8 ரீல்களை (வீட்டில் படமெடுக்கப் பயன்பட்ட 8 எம்எம் ஃபிலிம்) முன்பு ஓரிடத்தில் ஸ்கேன் செய்து வீடியோ கோப்பாக வாங்கினேன். அம்மா கொல்லையில் வெள்ளை விரிப்பைக் காயப்போடும் காட்சியில், விரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம்தான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் கேமரா பக்கம் வந்தால் மொத்தப் படமும் இருண்டுவிடும். ஃபிலிமே வெளுத்துவிட்டது என்றார்கள். நம்பிவிட்டேன். காட்சிக்குக் காட்சி ஸ்கேனர் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ எக்ஸ்போஷர் செய்த வேலை என்பது இப்போதுதான் புரிகிறது.

இந்த முறை வேறொருவரிடம் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஃபிலிமை மாட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டு, ஸ்கேனரில் ஃபிலிம் வந்து நிற்கும் சட்டமான கேட்டைக் காலியாகவே ஒரு ஷாட் எடுத்தார். ஓரங்களில் வெளிச்சம் குறைவதைச் சரிசெய்ய அது. பிறகு ரீலை ஏற்றி, ஓரத்துத் துளையைத் திரையில் பெரிதாக்கினார். நெகட்டிவாக இல்லாமல் நேரடியாகவே படம் தெரியும் ரிவர்சல் ஃபிலிமில், விளக்கொளி தடையின்றி வரும் அந்தத் துளையை விடப் பிரகாசமானது எதுவும் இருக்க முடியாது. 255 வரை போகும் அளவில் துளை 245-ஐத் தொடும்படி சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக வைத்துப் பூட்டிவிட்டார். ரீல் முடியும்வரை அதைத் தொடவே இல்லை.

கூடவே மாமாவின் 16 எம்எம் கலர் நெகட்டிவ் ஒன்றும் இருந்தது. நெகட்டிவில் வெள்ளைதான் இருண்டு பதியும் என்பதால் அதற்குத் துளைக் கணக்கு உதவாது. ஆரஞ்சு நிற அடிப்படலம் நீலத்தை விழுங்கிவிடும் என்பதால், படம் பதியாத பகுதியைப் பார்த்து நீல விளக்கைக் கூட்டினார். நெகட்டிவை ஸ்கேன் செய்வதற்கான சினியான் முறையில், 0 முதல் 1023 வரை போகும் 10 பிட் அளவில், அடிப்படலம் 95-இலும், 90 சதவீத வெள்ளை 685-இலும் உட்காரும். அதற்கு மேலே மீதியெல்லாம் மேகத்துக்கும் மினுக்கத்துக்கும்.

குறைகள் இரண்டு. எக்ஸ்போஷரைப் பூட்டியதால் வீட்டுக்குள் எடுத்த காட்சிகளின் நிழலில் புள்ளிகள் அதிகம். ஃபிலிமில் இருண்டு அடர்த்தியான பகுதிக்குக் கூடுதல் வெளிச்சத்தில் இன்னொரு முறை ஓட்டிச் சேர்த்திருக்கலாம், அந்த வசதி அவர்களிடம் இல்லை. கோப்புகள் 0 முதல் 1023 வரையிலான முழு அளவில் இல்லாமல், கறுப்பு 64-இலும் வெள்ளை 940-இலும் நிற்கும் வீடியோ அளவில் இருப்பதையும் சொல்லவில்லை. என் பிளேயர் அதை முழு அளவென்று எடுத்துக்கொண்டு வெள்ளையைச் சாம்பலாகக் காட்டியது. ஒரு நாள் முழுக்கக் கலங்கிப்போனேன்.

பிளேயரின் அமைப்பை மாற்றியதும் விரிப்பு வந்தது. கரையோரத் தையல், ஈரத்தில் ஒட்டிய மடிப்பு, துணிக்குப் பின்னால் அம்மாவின் கை நிழலாக நகர்வதுகூடத் தெரிகிறது. ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். மற்ற ரீல்களும் இவரிடம்தான்.